துறையில் சொன்ன பெயர்

படகு கரை சேர்ந்தபோது தீவைப் பனிமூட்டம் மொத்தமாக விழுங்கியிருந்தது. சோரகா கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். கணவன் ஃபின்டனைக் கடல் கொண்டுபோன பிறகு, அவன் பிறந்த வீட்டுக்குப் பிள்ளையோடு வருவது இதுதான் முதல் தடவை. கொழுந்தன் கோல்மன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தான்.

வீட்டில் அடுப்பு கனன்றது. சோரகா பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தியதும், கோல்மன் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில் கேட்டான்.

“துறையில யாரும் பேச்சுக் குடுக்கலையே அண்ணி?”

“ஒரு பெரியவர் கேட்டார், யாரு வீட்டுப் புள்ளைன்னு. நம்ம படகுக் கயித்தப் பிடிச்சிருந்தாரே, தொப்பலா நனைஞ்சு.”

“உங்க அப்பா வீட்டுப் பேரத்தானே சொன்னீங்க?”

அதுதான் இந்தக் குடும்பத்து வழக்கம். ஆண் குழந்தை வீட்டுக்குள் வந்து சேரும்வரை, துறையில் தாய்வீட்டுப் பெயர்தான். ஃபின்டன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

“மக் கான் மாரான்னு சொன்னேன். இவன் அப்பா இவனுக்கு விட்டுட்டுப் போனது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் நான் ஒளிக்கணுமா?”

கோல்மனின் முகம் வெளிறிப்போனது.

“கயித்த நான்தான் கட்டினேன். துறையில வேற ஆளே இல்ல.”

மக் கான் மாரா. கடலின் வேட்டை நாய்க்கு மகன். ஊரார் அதை வீரப் பட்டம் என்று மெச்சுவார்கள். வீட்டுக்குள் பேச்சே வேறு. மூழ்கிக்கொண்டிருந்த முதல் பாட்டனைக் கவ்விவந்து கரையில் போட்டது அந்த நாய். நன்றிக்கு அவன் தன் பிள்ளைகளுக்கு அதன் பெயரை வைத்தான். பிள்ளைகளையே கொடுத்துவிட்டதாக அது எடுத்துக்கொண்டது. துறையில் அந்தப் பெயர் காதில் விழுந்தால் பின்னாலேயே வரும்.

முதலில் வந்தது பாசி நாற்றம்.

பிறகு, வாசலில் ஏதோ உடம்பை உதறித் தண்ணீரைச் சிதறடிக்கும் சத்தம்.

குழந்தை அழவில்லை. கதவைப் பார்த்துச் சிரித்தது.

“யாரு வீட்டுப் புள்ள?”

ஃபின்டனின் குரல்.

சோரகா தன்னை மறந்து எழுந்தாள். கோல்மன் அவள் கையைப் பற்றினான். “அது அண்ணன் இல்ல. வாயத் திறக்காதீங்க,” என்று கிசுகிசுத்தான். “நானும் அந்தப் பேருக்காரன்தான். பெரியவன் கிடைச்சா சின்னவன விட்ரும். நான் போனதும் தாழ்ப்பாள் போடுங்க.”

“போகாதே தம்பி.”

“தேநீர் ஆறுது, குடிங்க.”

வெளியே போய்த் தன் முழுப் பெயரையும் உரக்கச் சொன்னான். அதன்பின் அலைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சோரகா தாழ்ப்பாள் போட்டுவிட்டு, தன் வாயைத் தானே சபித்தபடி தொட்டிலருகே உட்கார்ந்து அழுதாள். எப்போது கண்ணயர்ந்தாளோ, தெரியாது.

விடிந்தது. பனி விலகியிருந்தது. போட்ட தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. கோல்மன் திரும்பவில்லை. பிள்ளை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவனைத் தூக்கக் குனிந்தவளின் வெறுங்கால் தொட்டிலுக்கு அடியில் ஈரத்தை மிதித்தது. ஒரு பெரிய நாய் சுருண்டு படுக்கும் அளவுக்கு ஈரம்.

தொட்டுப் பார்த்தாள்.

சூடு இன்னும் ஆறவில்லை.