பரிசுப் புதிரும் ஜீப்பில் ஏறிய மெக்கானிக்கும்

மனித குலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய அறிவிப்பு இது.

புதன்கிழமை காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, ஒரு சாப்பாட்டு மேஜையின் மேல், வாரக் குறுக்கெழுத்துப் பரிசுப் புதிரின் கடைசி விடைக்கும் விளக்கம் எழுதி முடிக்கப்பட்டது.

முடித்தவர், விளக்கம் சார்.

இயற்பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக்கு மட்டும் தெரியும். பன்னிரண்டு வருடமாகப் பத்திரிகைப் புதிர்களுக்கு வலைப்பதிவில் விடையும் விளக்கமும் எழுதி வருகிறவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை புதிர் ரசிகர் சங்கம் அவருக்குப் 'புதிர்ச் செம்மல்' பட்டம் கொடுக்கவிருந்தது. பட்டத்துக்கு அவர் பெயரைச் சிபாரிசு செய்தவர் ஒரே ஒருவர்தான். அவரேதான்.

போன் அலறியது.

சங்கச் செயலாளர்.

"சார்... நம்ம கழுகு போயிட்டார்."

"எங்க போயிட்டார்?"

"செத்துப் போயிட்டார் சார். தட்டித் தட்டிப் பார்த்துட்டு போலீஸ் கதவை உடைச்சு உள்ள போயிருக்கு. நாற்காலியில உட்கார்ந்தபடியே... நேத்து சாயங்காலம் ஆறுல இருந்து எட்டுக்குள்ளயாம்."

கழுகு என்பது புனைபெயர். அந்தப் பரிசுப் புதிரைத் தயாரித்த மனிதர்.

விளக்கம் சார் போனை வைத்தார். பார்வை புதிர் மேல் விழுந்தது. உறைந்தார். இந்த மாதிரிக் கதைகளில் யாராவது ஒருவர் உறைந்தே ஆகவேண்டும்.

"இது சாவு இல்ல... கொலை."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாரு சொன்னா?"

"செத்தவரே சொல்லியிருக்கார். ஒன்பது, இடமிருந்து வலம். கேளு. 'கொடியவன் முதலில் வர, தலை வெட்டிய ஓலை உயிர் பறிக்கும் செயலாகும்.' ரெண்டு எழுத்து."

"ஓலையை வச்சு யாருங்க கொல்லுவா?"

"மேலோட்டமா படிக்கக் கூடாதும்மா. மேல தெரியற அர்த்தம் எப்பவும் பொய். கொடியவனோட முதல் எழுத்து கொ. ஓலையில தலையெழுத்தை வெட்டினா மிச்சம் லை. கொலை."

"சரி."

"பதினாலு, மேலிருந்து கீழ். 'விஷயத்தில் யமன் தலை போனால், குடிக்கக் கூடாதது.' யமன் தலை ய. விஷயத்துல அதை எடுத்துடு. விஷம். எப்படிக் கொல்லப் போறாங்கன்றது வரைக்கும் சொல்லிட்டுப் போயிருக்கார் மனுஷன்."

"புதிரை ஒரு மாசம் முன்னாடியே பத்திரிகைக்கு அனுப்பிடுவார்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப, போன மாசமே செத்துட்டாரா?"

மேதைகள் இப்படிப்பட்ட தருணத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார்கள்.

துடைத்தார்.

போன் மறுபடி அலறியது. மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். செயலாளருக்குக் கழுகின் எதிர்வீடு.

"ஜன்னல்ல நின்னு பார்த்துட்டிருக்கேன் சார். லிஃப்ட் மெக்கானிக்கை ஜீப்ல ஏத்துறாங்க. நேத்து சாயங்காலம் இந்தக் கட்டடத்து லிஃப்ட்லதான் வேலை பார்த்தான். இன்னும் முடியலன்னு காலையில வந்திருக்கான், பிடிச்சுட்டாங்க. டூல்ஸ் பெட்டியையும் தூக்கி உள்ள வைக்கிறாங்க."

"பெட்டியையுமா?"

"ஆமா சார். முன் சீட்ல உட்கார வைக்கிறார் இன்ஸ்பெக்டர்."

"பக்கத்துலயே வச்சுக்கிட்டா தப்பிச்சு ஓட முடியாதுல்ல..."

பெட்டி. ஸ்பேனர். தடயம். கைது.

விளக்கம் சார் அவசரமாகப் போனை வைத்தார்.

ஏனென்றால் மெக்கானிக் கொலை செய்திருக்க முடியாது என்பது உலகத்திலேயே ஒருவருக்குத்தான் தெரியும். நேற்று ஆறிலிருந்து எட்டு வரை அவன் லிஃப்ட் கூண்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காதில் போனை இடுக்கிக்கொண்டு, பரிசுப் புதிரின் விடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

விளக்கம் சாரிடம்.

பன்னிரண்டு வருடமாக.

விளக்கம் சார் தன் சொந்த மூளையால் கண்டுபிடித்த விடைகள் நாற்பது தேறும். அதில் பாதி தப்பு. மெக்கானிக்கோ ஒரு நட்டை முறுக்கி முடிப்பதற்குள் மூன்று விடை சொல்லுவான். "எனக்கு எழுத்து வேலையெல்லாம் ஒத்து வராது சார். உங்க பேரையே போட்டுக்குங்க" என்று ஒரு நாள் சொன்னான். சார் அந்த அன்பை மறுக்கவில்லை.

இப்போது சொன்னால் பட்டம் போகும். சொல்லாவிட்டால் மனிதன் போவான்.

சாதாரண ஆசாமிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. விளக்கம் சார் பதினோரு நிமிடம் யோசித்தார்.

"சட்டையைப் போடுங்க," என்றாள் மனைவி.

"உனக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

"எல்லாம் தெரியும். தினம் சாயங்காலம் போனை எடுத்துக்கிட்டுப் போய் பால்கனிக் கதவைச் சாத்திக்கிறீங்க. பொம்பளை சமாச்சாரம்னு நெனச்சு ஒரு நாள் காதைக் கொடுத்தேன். ஸ்பீக்கர்ல மெக்கானிக் தம்பி, 'ஏழு எழுதிக்கிட்டீங்களா சார்'னு கேட்டுட்டிருந்துச்சு. பொம்பளையா இருந்திருந்தாலாவது உங்களைப் பத்தி ரெண்டு பேர் பெருமையா பேசியிருப்பாங்க. கிளம்புங்க."

கிளம்பினார்.

போலீஸ் நிலையம் நான்காவது மாடியில் இருந்தது. படியேறி உள்ளே நுழைந்தபோது மூச்சு வாங்கியது. தியாகத்தின் கனம் என்று நினைத்துக்கொண்டார்.

"சார்... அவன் நிரபராதி."

"யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"லிஃப்ட் மெக்கானிக். நேத்து ஆறுல இருந்து எட்டு வரைக்கும் என்கூட போன்ல பேசிட்டிருந்தான்."

"ஏட்டய்யா, எழுதிக்குங்க." இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ரெண்டு மணி நேரம் அப்படி என்ன பேசினீங்க?"

"அதைச் சொல்ல முடியாது சார்."

"ஏன்?"

"பரிசுப் புதிர். விடை அனுப்ப சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. அதுக்கு முன்னாடி விடையை வெளியில சொல்றது எங்க தர்மம் இல்ல."

இன்ஸ்பெக்டர் அவரை மேலிருந்து கீழ் பார்த்தார். பிறகு இடமிருந்து வலம் பார்த்தார்.

"ஒரு மனுஷன் செத்துக் கிடக்கறார்ங்க."

"சரி... விடையை விட்டுட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன்."

சொன்னார். பால்கனியை, லிஃப்ட் கூண்டை, திருடிய பன்னிரண்டு வருடப் புகழை. "செம்மல் நான் இல்ல சார், அவன்" என்ற இடத்தில் குரல் உடைந்தது. உடைந்த விதம் அவருக்கே பிடித்திருந்தது. ஏட்டு நான்கு பக்கம் எழுதினார். விளக்கம் சார் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

"நல்லது," என்றார் இன்ஸ்பெக்டர். "இதையெல்லாம் இப்ப எதுக்குச் சொன்னீங்க?"

"அவனை நீங்க விடணும் சார்."

"விடறதா? வேலை முடிஞ்சா அவனே போயிடுவான். எங்க லிஃப்ட் மூணு மாசமா ரெண்டாவது மாடியில தொங்குது. அந்தக் கட்டடத்துல ஆளைப் பார்த்தேன், கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

"அப்ப... டூல்ஸ் பெட்டி?"

"பெட்டி இல்லாம பல்லால கடிச்சா ரிப்பேர் பண்ணுவான்?"

"முன் சீட்?"

"பின்னாடி உட்கார்ந்தா வாந்தி வரும்னான்."

"கழுகு..."

"மாரடைப்பு. ஏற்கெனவே ரெண்டு தடவை வந்திருக்காம். டாக்டர் காலையிலயே எழுதிக் கொடுத்துட்டார்."

மேலே தெரிந்த அர்த்தம். வாழ்க்கையில் முதல்முறையாக அதுவே விடை.

"அப்ப இந்த வாக்குமூலம்?"

"இதுல குற்றம் எதுவும் இல்லீங்களே. வழக்குப் போட வழியில்ல. நீங்களே வச்சுக்குங்க."

மனிதனும் போகவில்லை. பட்டமும் போகவில்லை. விளக்கம் சார் நான்கு தாள்களையும் வெகு வேகமாக மடித்துச் சட்டைப்பையில் திணித்தார். பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு சுறுசுறுப்பாக அவர் எதையும் செய்ததில்லை. பட்டம் வாங்கி அதை மெக்கானிக்குக்கு மனதாரச் சமர்ப்பித்தால் போதாதா என்று தோன்றியது. மனதுக்குள்.

வாசலைத் தாண்டும்போது ஏட்டு பின்னாலேயே வந்தார்.

"சார், ஒரு சந்தேகம்."

நான்கு பக்கமும் எழுதியவர். இவருக்கு எல்லாம் தெரியும். பட்டத்தைக் கவிழ்க்க இவர் ஒருவர் வாய் திறந்தால் போதும். விளக்கம் சார் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"கே... கேளுங்க."

குறுக்கெழுத்து என்றால் என்ன என்று ஏட்டு கேட்டார்.