கெர்னல் சபிஹாவும் மூன்று நூல்களும்

பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் ஆறாம் வகுப்பு சபிஹாவுக்குக் கெர்னல் வேடம். கணினிக்குள் எந்த வேலையை யார் எப்போது செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பது கெர்னல். அதன்படி வேலை செய்பவை புராசசர்கள். பாண்டியராஜ், மதியழகன், பவித்ரா ஆகிய மூவரும் புராசசர்களாக ஒரே மேசையில் அமர்ந்திருந்தார்கள்.

பாண்டியராஜ் ஐந்நூறு புளியங்கொட்டைகளை எண்ண வேண்டும். மதியழகன் பெருக்கல் கணக்குப் போட வேண்டும். பவித்ரா படம் வரைய வேண்டும். பார்வையாளர் ஒருவர் அட்டை விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தொட்டால், சபிஹா பாண்டியராஜை அழைப்பாள். அவன் எண்ணுவதை நிறுத்திவிட்டு, அந்த எழுத்தைக் கரும்பலகையில் எழுதித் திரும்ப வேண்டும். மற்ற இருவரின் வேலை தடைபடக் கூடாது.

ஒத்திகை தொடங்கியது. மண்டபத்தில் ஒரே இரைச்சல். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள் சபிஹா, கேட்கவில்லை.

"ஏலே!" என்று கத்தினாள்.

மதியழகன் நிமிர்ந்தான். "என்னையவா?"

"உன்னைய இல்ல, பாண்டிய!"

"போச்சு! கணக்குல எங்க நின்னேன்னே மறந்துபோச்சு."

ஆரோக்கியதாஸ் சார் ஒரு மணியைக் கொடுத்தார். சபிஹா அதை அடித்ததும் மூவரும் எழுந்து ஓடி, கரும்பலகைக்கு முன் முட்டிக்கொண்டார்கள்.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரைக்கு ஆளுக வந்துருவாங்கம்மா. அதுக்குள்ள சரியா வரலைன்னா, கம்ப்யூட்டர் படத்த மட்டும் மாட்டிவச்சிருவோம்."

சபிஹா அட்டை விசைப்பலகையைப் பார்த்தாள். அதைச் செய்ய அவளுக்கு இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அதற்குள் பாண்டியராஜ் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தான்.

"சாயங்காலம் வரைக்கும் ஒண்ணு, ரெண்டுதானாடா?" என்று மதியழகன் சிரித்தான்.

பாண்டியராஜின் கண்கள் கலங்கின. "எந்திரிச்சுப் போயிட்டு வந்தா மறந்துருதே..."

"அவன் மேல தப்பு இல்ல," என்றாள் சபிஹா. "எழுதி வச்சுக்கக்கூட விடாம நாந்தான் அவசரப்படுத்துறேன்."

அவள் ஒரு சிலேட்டையும் சுண்ணக்கட்டியையும் அவன் பக்கத்தில் வைத்தாள். "எம்புட்டு எண்ணுனேன்னு மொதல்ல இதுல எழுது. அப்புறம் எந்திரி. அது வரைக்கும் நான் பொறுத்துக்கிறேன்."

"ஆனா, என்னைய மட்டும் எப்படிக் கூப்பிடுவ?"

சபிஹா சற்று யோசித்தாள். பவித்ராவின் வீட்டில் பூ வியாபாரம். "ஏ பவி, பூக்கட்டுற நூல் வச்சிருக்கியா?"

"பையில ஒரு கண்டே இருக்கு."

மூன்று நூல்கள். ஒவ்வொருவரின் இடது மணிக்கட்டிலும் ஒன்று. மேசைக்கு அடியில் வந்த மறுமுனைகள் சபிஹாவின் விரல்களில். இனி யாரை வேண்டுமானாலும் தனியாக அழைக்கலாம்.

கதவு திறந்தது. முதலில் வந்த சிறுமி 'ழ' என்ற எழுத்தைத் தொட்டாள். சபிஹா ஒரே ஒரு நூலை மெல்ல இழுத்தாள்.

பாண்டியராஜ் சிலேட்டில் 63 என்று எழுதினான், எழுந்தான், நூல் நீளும் தூரத்தில் இருந்த கரும்பலகையில் 'ழ' எழுதினான், திரும்பி வந்து சிலேட்டைப் பார்த்தான்.

"அறுபத்தி நாலு!"

மதியழகன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பவித்ரா வரைந்த மயிலுக்குத் தோகை வளர்ந்துகொண்டே இருந்தது. சபிஹா நிம்மதியாக மூச்சு விட்டாள். சார் கையில் சுருட்டி வைத்திருந்த படத்தை ஓசையின்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

நண்பகல் நெருங்கியபோது, சபிஹாவின் விரலில் இருந்த நூலை யாரோ மறுமுனையிலிருந்து இழுத்தார்கள். திடுக்கிட்டுத் திரும்பினாள்.

முகமெல்லாம் சிரிப்பாகப் பாண்டியராஜ் நின்றுகொண்டிருந்தான். "ஐநூறும் முடிஞ்சிருச்சு புள்ள! அடுத்து என்ன வேலை?"

"சாப்பாடு," என்றாள் கெர்னல்.