ஒரு விரல் உயர்ந்த சீட்

கல்முனைப் பிரதான வீதியில் நிஹ்லா நடத்தும் போன் திருத்தும் கடைக்குள், றுமைஸ் தன் பந்தய சைக்கிளைத் தோளில் சுமந்தபடி நுழைந்தான்.

“ராத்தா, ஸிராஜ் என்ட சைக்கிளக் கெடுத்துப்போட்டான். சைக்கிள் கழகத்துல சொல்லி அவன்ட பேர வெட்டத்தான் போறன்.”

பொத்தானை அமுக்கினால் வயர் வழியே மின்சாரம் போய்ச் சின்ன மோட்டரைத் திருப்பி மாற்றும் கியர் அந்தச் சைக்கிளுடையது. வயர்களைச் சட்டத்துக்குள் கோத்துக் கொடுத்தவன் ஸிராஜ். றுமைஸ் ஓடாவிட்டால் பந்தயத்தில் அவன் இடத்தில் ஓடப்போகிறவனும் ஸிராஜ். நேற்று ஸிராஜ் றுமைஸின் வீட்டுக்கு வந்து சங்கிலிக்கு எண்ணெய் விட்டுப் போனான். இன்று காலை கியர் செத்துக் கிடந்தது.

கடையில் வேலை செய்துகொண்டே மாலை வகுப்பில் இலத்திரனியல் படிக்கும் துலக்சன் மீற்றரை எடுத்தான். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தபோது மோட்டர் சிணுங்கித் திரும்பியது. பொத்தான்களும் சரி. பிழையாகப் பார்த்துவிட்டோமோ என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். அதே விடைதான்.

“பற்றரியிலிருந்து கரண்ட் வரல்ல அக்கா. பற்றரி சீட் பைப்புக்குள்ள. வயர் வேலை தெரிஞ்சவன்தான் கைவெச்சிருக்கான். ஸிராஜ்தான்.”

“பொறு.” நிஹ்லா குனிந்து பைப்பைப் பார்த்தாள். அதில் சுற்றியிருந்த வெள்ளை டேப்புக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி. “இத ஆரு ஒட்டின?”

“ஸிராஜ்தான். என்ட கால் அளவுக்கு அடையாளம். ஆனா இண்டைக்கிப் பெடல் எட்டல்ல. பதட்டமெண்டு நினைச்சன்.”

“வீட்டுல என்ன சொன்னாய்?”

“கியர் மாறல்ல, ஸிராஜ்ட வேலை எண்டு மட்டும்தான்.”

“சீட்ட இங்க களட்ட வேணாம். உன்ட வீட்டுக்குப் போவம். அவனையும் வரச்சொல்லு.”

நிஹ்லாவும் துலக்சனும் றுமைஸுடன் போனபோது, மருதமுனை வீட்டு முற்றத்தில் ஸிராஜ் கைகட்டி ஒதுங்கி நின்றான். றுமைஸின் தாய் ஆயிஷா உம்மா பிளேன்ரீ கொண்டுவந்தார்.

“கள்ளன் வந்திட்டான், அவனுக்கும் ஊத்துங்க உம்மா,” என்றான் றுமைஸ்.

“அப்பிடிக் கதைக்காத மகன்! அவன் சீட்டுல கைவெக்கவே இல்ல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தன்.”

நிஹ்லா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“கெடுக்க நினைச்சா ஸிராஜுக்கு சீட்டு எதுக்கு? கைபிடிக்குக் கீழ இரிக்கிற சொருகிய இழுத்தாப் போதும். சீட்டக் களட்டியிருந்தாலும் தான் ஒட்டின டேப்புக்குச் சரியாத்தான் பூட்டியிருப்பான். களட்டினது அந்த டேப் எதுக்கெண்டு தெரியாத ஆள்.” அவள் குரல் தணிந்தது. “உம்மா, றுமைஸ் உங்களுக்குச் சொன்னது கியர் எண்டுதான். சீட்டுண்டு ஆருமே சொல்லல்லியே?”

துலக்சனுக்குக் காது சுட்டது. உம்மா சொன்ன அதே வார்த்தையை அவனும் கேட்டிருந்தான், கவனிக்கவில்லை.

நிஹ்லா சீட் பைப்பை உருவினாள். வயர் பற்றரியிலிருந்து கழன்று கிடந்தது. சட்டத்தைக் கவிழ்த்ததும் செம்பு இசிம் கூடு ஒன்று விழுந்தது. ஓதி எழுதிய தாளைச் சுருட்டி அடைத்த தாயத்து.

“ஊர்க்கண் முழுக்க இந்த சைக்கிள்லதான்,” என்றார் உம்மா. “வெளியில கட்டினா ஷிர்க்கு, இணைவைக்கிறதுண்டு அறுத்து வீசியிருப்பாய். உள்ள போட வேற ஓட்டை இல்ல. ராவு சீட்டக் களட்டி இழுத்தன், வயர் களண்டு வந்ததத் தெரியாது. காலையில நீ கத்தின கத்துல வாய் வரல்ல.”

றுமைஸ் கத்தவில்லை. ஸிராஜிடம் போனான்.

“மச்சான், மாப்புக் கேக்கன். கழகத்துல ரெண்டு பேருக்கிட்டச் சொல்லியும்போட்டன். இப்பவே போன் எடுத்து என்ட பிழையெண்டு சொல்றன்.”

“ஸ்பீக்கர்ல போட்டுச் சொல்லு, நானும் கேக்கணும்,” என்றான் ஸிராஜ். அவன் கழன்ற வயரின் சொருகியைப் பற்றரியில் அழுத்தினான், டிக் என்றது. சீட்டை டேப்பின் அளவுக்கு இறக்கிப் பூட்டிப் பொத்தானை அமுக்கினான். சங்கிலி பல் மாறியது.

ஆயிஷா உம்மா இசிம் கூட்டை எடுத்து முந்தானையில் துடைத்தார். மகனைப் பார்க்காமலே அதை ஸிராஜின் சட்டைப் பைக்குள் போட்டார்.

“நீ வெச்சிக்க மகன். கண்பட்டது உனக்குத்தான்.”