நுனி கறுத்த கத்தி

காலை 5.10. கட்டுநாயக்க விமான நிலையம். விஜயகலாவின் கைப்பைக்குள் றப்பர் பால் வெட்டும் கத்தி இருந்தது. குவைத் விமானம் அவளை விட்டுவிட்டுப் பறந்தது.

முன்பென்றால் கத்தியைப் பறித்துக்கொண்டு திட்டி அனுப்பியிருப்பார்கள். போன மாதம் சட்டம் இறுகிவிட்டது. விமான நிலையத்தில் ஆயுதம் பிடிபட்டால் பிணை கிடையாது, நேரே விளக்கமறியல் சிறை. அங்கே நாற்பது பேருக்கான பெண்கள் கூடத்தில் இப்போது விஜயகலாவோடு நூற்றுப் பத்துப் பேர். முறை வைத்துத்தான் படுக்கிறார்கள்.

மறுநாள் காலை 9.30. தெஹியோவிட்ட பக்கம் ஒரு றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயம், விஜயகலாவின் வீடு. சப் இன்ஸ்பெக்டர் ஸியாம் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலகு பளபளத்தது. நுனியில் மட்டும் ஓர் அங்குலம் கறுத்திருந்தது. அது அவரை உறுத்தியது. இன்னும் இரண்டு நாளில் விஜயகலாவின் குவைத் வேலை விசா முடிகிறது.

“யார் கத்தி?”

“என்னோட பழசு சேர்,” என்றான் கணவன் தினேஷ். “நான் வைக்கல. பையத் தூக்கிட்டுப் போனது யோகராஜ்தான்.”

ஆட்டோக்காரன் யோகராஜ் சிரித்தான். “இவனுக்குச் சொந்தக் கத்தியயே பாத்துக்கத் தெரியல. பூட்டின பைதான் சேர் என் கைக்கு வந்துச்சு.”

பூட்டு உடையவில்லை. விஜயகலாவின் சாவியால்தான் அங்கே திறந்தார்கள்.

“அடுக்கினது?”

“நான்தாங்க,” என்றாள் அக்கா சுப்பம்மா, தங்கையின் பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டியபடி. “துணி மட்டுந்தான் வச்சேன்.”

தொட்டில் கயிற்றில் ஓர் எலுமிச்சம்பழம் தொங்கியது. அதற்குள் ஓர் ஆணி.

ஸியாம் வெளியே போய் விமான நிலையத்துக்குத் தொலைபேசியில் சிங்களத்தில் பேசினார். திரும்பி வந்து சுப்பம்மாவின் எதிரில் உட்கார்ந்தார்.

“கத்தி நுனியில எலுமிச்சம்பழம் குத்தியிருந்துச்சாம். சாப்பாட்டுச் சாமான்னு குப்பையில போட்டுட்டாங்க, அறிக்கையில எழுதல. அந்தப் புளிப்புதான் இரும்பக் கறுக்க வச்சிருக்கு. மாட்டிவிட நினைக்கிறவங்க பழத்துல குத்தி வைக்க மாட்டாங்க அக்கா. தங்கச்சிக்குக் காவல் வச்சீங்க.”

தொட்டில் நின்றது.

“கடல் தாண்டிப் போறவ சேர். காத்து கருப்பு அண்டக் கூடாதுன்னு...”

“ஆணி போதாதா?”

“ஆணி பிள்ளைக்கு. பெரியவளுக்குப் பெரிய இரும்பு வேணாமா?”

“நேத்தே சொல்லியிருக்கலாமே.”

“என்னையும் புடிச்சிட்டா பாப்பாவ யாரு பாக்குறது?”

ஸியாம் வாக்குமூலப் படிவத்தை எடுத்தார். வைத்தவருக்கும் அதே சட்டம்தான். காவலுக்கு வைத்தேன் என்று எழுதப் படிவத்தில் இடமில்லை. ஒருத்தி வெளியே வருவாள், ஒருத்தி உள்ளே போவாள். கூடத்தில் நூற்றுப் பத்து அப்படியே இருக்கும்.

“நான் சொல்லிட்டா அவ பிளேன் ஏறிருவாளா சேர்?”

“ஏறிருவாங்க.”

சுப்பம்மா பிள்ளையைத் தூக்கித் தினேஷின் கையில் கொடுத்தாள்.

“வெள்ளிக்கிழம பழத்த மாத்திரு,” என்றாள். “ஆணியத் தூக்கிப் போட்டுறாத.”

வாசலில் நின்ற ஜீப்பை நோக்கி அவளே முதலில் நடந்தாள்.