பேர் சொல்லாத கடிதம்

“ஐயோ, பாத்து வரக் கூடாது...? நோட்டு பூரா சேறு!”

போடி பஸ் நிலையத்தில், மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவன் மோதியதில் தேவகிருபையின் பாட நோட்டு கீழே விழுந்தது. கோபமாக நிமிர்ந்தாள். அவனுக்கு எவ்வளவு பெரிய கண்கள்... ஏன் இப்படிப் பயந்து கிடக்கின்றன?

நோட்டைத் துடைத்தவன் உள்ளே ஆங்கிலத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“இங்கிலீஷ் டீச்சருங்களா? ஒரு கடிதாசி எழுதித் தர்றீகளா...? சாயந்தரத்துக்குள்ள மானேஜர்ட்ட குடுக்கணும். இல்லேன்னா என் சோலி போயிரும்.”

ஆதித்தன் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் குமாஸ்தா. காய் உலர்த்தும் கூடத்து அடுப்பில் தீ அதிகமாகி ஒரு லோடு ஏலக்காய் கருகிவிட்டது. காரணத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லியிருந்தார் மானேஜர்.

நாளை அவள் நடத்தப்போகும் பாடமே அதற்குத் தோதாக இருந்தது. ‘இன்னார் அடுப்பைக் கவனிக்கவில்லை’ என்று எழுதினால் ஆக்டிவ் வாய்ஸ், ஆள் மாட்டிக்கொள்வார். ‘அடுப்பு கவனிக்கப்படவில்லை’ என்று எழுதினால் பாசிவ் வாய்ஸ், யார் என்றே சொல்ல வேண்டாம். நாலே வரியில் எழுதிக் கொடுத்தாள்.

“பேரே வரலையே டீச்சர்!” அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு ரொம்பவே பிடித்துப்போனது. அதனால்தான் கேட்டுத் தொலைத்தாள்.

“அடுப்புப் பக்கம் யாரு இருந்தா?”

“கூட வேலை பாக்குற மொக்கையண்ணேன் முறை. காய்ச்சல்னாரு... நீங்க போங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்னு அனுப்பிட்டேன். செத்த நேரம் கண்ணசந்துட்டேன்.”

“அப்ப இதைப் படிச்சா மானேஜர் யாரைப் பிடிப்பாரு?”

அவன் தரையைப் பார்த்தான். “முறைக்காரரு மொக்கையண்ணேனைத்தான்... அவருக்கு மூணு பிள்ளைக.”

“குடுங்க. கிழிச்சிடுறேன்.”

“உங்களுக்கென்ன... வேலை போறது எனக்குல்ல!”

கடிதத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, தோட்டத்து லாரியில் ஏறிப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அவளைப் பயம் பிடித்துக்கொண்டது. தன் கையெழுத்தால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடுமோ? நாலு நாளும் பள்ளி விட்டதும் பஸ் நிலையத்துக்கு வந்து நின்று, மலையிலிருந்து இறங்கும் லாரிகளையெல்லாம் பார்த்தாள். சொல்ல வெட்கமான இன்னொரு பயமும் இருந்தது... அந்தக் கண்களை இனிப் பார்க்கவே முடியாமல் போனால்?

ஐந்தாம் நாள், ஒரு லாரியிலிருந்து தகரப் பெட்டியோடு அவன் இறங்கினான்.

“மொக்கையண்ணேன்...?” அவள் ஓடி வந்து கேட்டாள்.

“வேலையில இருக்காரு. நீங்க எழுதுனதைக் கிழிச்சுப் போட்டுட்டு, தூங்குனது நான்தான்னு நேர்லயே சொல்லிட்டேன். சோலி போச்சு. மதுரைக்கு ரயிலேறணும். ஆனா கால் இங்க வந்துருச்சு.”

“ஏன் வந்தீக?”

“வேலையில்லாதவன் அதைச் சொல்லலாமான்னு பயமாருக்கு டீச்சர்...”

“ரயிலு எப்ப?”

“அரை மணியில.”

“அந்த ரயிலு போகட்டும்.” அவள் அவனை நேராகப் பார்த்தாள். “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... எங்க அப்பாட்ட வந்து பேசுங்க. அவரைக் கண்டா எனக்கே பயந்தான். ஆனா பக்கத்துல நான் நிப்பேன்.”