ஆயில் சூடாகட்டும், மாப்ள!

போன் அடித்தது.

தம்பி எடுக்கவில்லை. அவன் கையில் ஒரு பெரியவரின் மேல் தாடை இருந்தது.

பயப்பட வேண்டாம்... பிளாஸ்டர் தாடைதான்! தம்பிக்குத் தொழில் பல் செட் செய்வது. மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு வரிசை பார்க்கிற நேரத்தில் கூப்பிட்டால், மந்திரியே ஆனாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

போன் விடுவதாக இல்லை. மறுபடி அடித்தது.

மாமா.

அக்காவின் கணவர். அக்கா போய்ச் சேர்ந்த பிறகு அவராகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"மாப்ள... வண்டியைக் குடுத்துடலாம்னு இருக்கேன். வெளியாளுக்குப் போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ல?"

எந்த வண்டி என்று தம்பி கேட்கவில்லை. மாமாவிடம் வண்டி என்றால் ஒன்றுதான். வெள்ளை நிற ஜப்பான் கூபே. இரண்டே கதவு. பழைய மாடல். ஆனால் என்ஜின்... நிமிஷத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று வரை ஏறும்! மற்ற வண்டிகளுக்கு மூச்சு வாங்குகிற இடத்தில்தான் இது பாடவே ஆரம்பிக்கும்.

ஒரு காலத்தில் அந்த வண்டியைத் தம்பி கனவில் ஓட்டிக்கொண்டிருந்தான். அக்காவுக்கும் தெரியும். மாமா கண்ணசந்த நேரம் பார்த்துச் சாவியைச் சுட்டுக் கொண்டு வந்து தருகிறேன் என்று கேலி பண்ணுவாள்.

இப்போது ஆசை இருக்கிறதா என்று உள்ளே தடவிப் பார்த்தான்.

ஒன்றும் இல்லை.

பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி... இருப்பது விரலுக்குத் தெரிகிறது. ஈறுக்குத் தெரியவில்லை. அக்கா செத்ததிலிருந்தே இப்படித்தான். சாப்பிட்டான், தூங்கினான், பல் நட்டான். அழ மட்டும் வரவில்லை.

அந்த வண்டியில்தான் அக்கா செத்தாள்.

விடியற்காலையில் ஆஸ்துமா முற்றிவிட்டது. தேடினால் இன்ஹேலரைக் காணோம். மாமா அவளை அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தார். எடுத்த எடுப்பிலேயே எட்டாயிரம் சுற்று... இரண்டாவது கியரிலேயே தெருவைத் தாண்டினேன் என்று துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். போலீஸிலும் அதையே எழுதிக் கொடுத்தார். பாவம், ஆஸ்பத்திரி வாசலில் உயிர் பிரிந்துவிட்டது. அதற்கு முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாளாம்.

"தம்பியைப் பாத்துக்கோங்க."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தம்பி நடமாடுகிறான். அவள் கடைசியாகப் பேசிய சீட் அது. யாரோ ஒருவன் அதில் சிப்ஸ் பாக்கெட்டை வைத்து நொறுக்கிக்கொண்டு போவதா?

ஆஸ்பத்திரி டாக்டரும் அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அது பின்னால் வரும்.

"யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்று போனை வைத்தான்.

அன்று மாலை ஒரே ஒருவரிடம்தான் யோசனை கேட்டான். அவர் கேட்டுவிட்டு, தானும் கூட வருவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை.

மாமாவின் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் பாத்திரங்கள் மலையாகக் கிடந்தன. அக்கா வளர்த்த செடிகள் தொட்டியோடு காய்ந்துபோயிருந்தன. ஆனால் கார் ஷெட்டின் தரை இருக்கிறதே... இலை போடாமல் சோறு பரிமாறலாம்! அவ்வளவு சுத்தம்.

கூட வந்தவரை மெக்கானிக் என்று தம்பி அறிமுகப்படுத்தினான். எண்ணெய்க் கறைச் சட்டை, தடித்த மீசை, எண்ணி எண்ணிப் பேசும் வாய். மாமா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செருப்பை வெளியே விடச் சொன்னார்.

வந்தவர் பானட்டைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. குனிந்தார், கீழே டார்ச் அடித்தார், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"என்னய்யா, ஸ்டெப்னி இருக்கா?" என்றார் மாமா.

"இருக்கு" என்றார் அவர்.

ஓட்டிப் பார்க்க மூவரும் ஏறினார்கள். தம்பி ஸ்டியரிங்கில். அக்கா செத்த சீட்டில் மாமா, ஒரு தயக்கமும் இல்லாமல். பின் சீட் என்று பேருக்கு ஒன்று இருந்தது. பூனைக்குட்டி உட்கார்ந்தால்கூட முழங்கால் இடிக்கும். மீசைக்காரர் அதற்குள் தன்னை மடித்து வைத்துக்கொண்டார்.

என்ஜின் ஒரே திருகலில் உயிர் பெற்றது.

"ஆயில் சூடாகட்டும், மாப்ள" என்றார் மாமா. "அந்த ஆயில் சூடு காட்டுற முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் மூவாயிரத்தைத் தாண்டக் கூடாது. வாங்கின நாள்லேருந்து என் வண்டிக்கு இதான் சட்டம்."

தம்பி தலையாட்டினான். தெருமுனை திரும்பியதும், கால் தானாகவே அழுந்தியது.

நாலாயிரம்... ஐயாயிரம்... ஆறாயிரம்!

"டேய்! கொலைகாரா! என்ஜின் செத்துரும்டா!"

மாமா வீறிட்டு அவன் முழங்காலைப் பிடித்து இழுத்தார். தம்பி வண்டியை ஓரங்கட்டினான். மாமாவின் நெற்றியில் வியர்வை. கண்ணில் ஈரம்கூட! அக்காவின் உடலுக்குப் பக்கத்தில் நின்றபோது இந்த ஈரம் எங்கே போயிருந்தது?

பின் சீட்டிலிருந்து மீசைக்காரர் பேசினார்.

"வேணாம் தம்பி. இந்த வண்டி வேணாம். சார் சொல்றது சரிதான், சூடாகாம முறுக்கினா உள்ள எல்லாம் தேய்ஞ்சுரும். ஆனா அன்னிக்கு விடியக்காலையில எடுத்த எடுப்புலயே எட்டாயிரத்துல பறந்திருக்காரே? இந்த என்ஜின் அன்னிக்கே போச்சு."

மாமாவின் முகம் சிவந்தது. எதை வேண்டுமானாலும் பொறுப்பார். என்ஜினைப் பழித்தால்...

"யோவ், உனக்கு என்னய்யா தெரியும்? என் கையில இந்த என்ஜின் ஒரு நாள்கூட அடி பட்டதில்ல."

"அன்னிக்கு?" என்றான் தம்பி.

"அன்னிக்கும்தான்! மூவாயிரத்துக்கு மேல சுத்து ஏறல. போதுமா?"

"அக்கா மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு இருந்தப்பவா, மாமா?"

"எங்கடா தவிச்சா? ஏத்தும்போதே முடிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு என்ஜினைக் கெடுக்கணும்னு..."

நிறுத்தினார்.

என்ஜின் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்ப... தம்பியைப் பாத்துக்கோங்கன்னு சொன்னது யாரு?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யாரும் சொல்லவில்லை. அக்கா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. ஊசியின் மரப்பு விட்டது. இத்தனை நாள் வராத வலி மொத்தமாக வந்தது. தம்பி ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதான்.

டாக்டர் அன்று தனியாகச் சொன்னது இதுதான்... வாசலில் உயிர் போனவளின் உடம்பு அவ்வளவு குளிர்ந்திருக்காதே! தம்பி அதைப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னான். சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அங்கே கைவிரித்தார்கள். மாமாவின் போன் வந்த அன்று மாலை மறுபடி போனான். நீ வண்டி பார்க்கப் போ, உனக்கு மெக்கானிக் நான் என்றார் புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர். அந்தச் சந்தேகம் பொய்யாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் தம்பி வந்தான். அந்த ஒரு வார்த்தை பிழைக்க வேண்டுமே என்று!

மீசைக்கார இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து, மாமாவின் தோளுக்கு மேலாக நீட்டினார்.

நீல நிற இன்ஹேலர். அக்காவின் பெயர் எழுதிய மருந்துக்கடைச் சீட்டு அதில் இன்னும் ஒட்டியிருந்தது.

"ஸ்டெப்னிக்கு அடியில கெடந்துச்சு. டூல் கிட்ல ஜாக்கி வரும், ஸ்பேனர் வரும். இது வராதே சார்?"

மாமாவின் உதடு மட்டும் அசைந்தது.

"வண்டியை வித்துடு, வித்துடுன்னு... தினமும் அவளுக்கு அதே பேச்சு."

"இப்ப மட்டும் எதுக்கு விக்கிறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"புது மாடல் வருது."

அதையும் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இன்ஸ்பெக்டர் இன்ஹேலரை மறுபடி கைக்குட்டையில் சுற்றினார்.

"ஸ்டேஷனுக்கு விடுங்க தம்பி" என்றார் பிறகு.

தம்பி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். ஆயில் முள்ளைப் பார்த்தான். இன்னும் பாதிக்குக்கூட வரவில்லை. முதல் கியரைப் போட்டான். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தான்.

ஏழாயிரம்... எட்டாயிரம்... ஒன்பதாயிரம்! அக்காவுக்குக் கிடைக்காத வேகம் அது.

"டேய்... ஆயில் சூடாகலடா!" மாமா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கதறினார்.

முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்தபடி இன்ஸ்பெக்டர் சமாதானம் சொன்னார்.

"விடுங்க சார். சூடானாலும் நீங்க ஜெயில்லேருந்து திரும்பி வர்றதுக்குள்ள எப்படியும் ஆறிப்போயிடும்!"