எடை கூடாத பிள்ளை

கடற்கரைச் சாலை அடுக்ககத்தில் பிரகாசியின் வீட்டைத் தவிர மற்ற எல்லா வீடுகளிலும் தரையே நாற்காலியாக எழும்பி ஆளை உட்காரவைத்தது. ஆள் எழுந்ததும் சத்தமில்லாமல் அமிழ்ந்து, தரையோடு தரையாகிவிடும். நெகிழ்தளம் என்று பெயர். கால் பட்டவுடன் எடையை உணர்ந்து, படுக்க வந்தவருக்குக் கட்டிலாகவும் சாப்பிட வந்தவருக்கு மேசையாகவும் உருமாறும். தூத்துக்குடியில் ஐந்தே வருடத்தில் மரச்சாமான் என்ற சொல்லே பேச்சில் குறைந்துபோனது.

பிரகாசிக்கும் இப்போது நெகிழ்தளம் வேண்டியிருந்தது. அவள் கணவர் இன்னாசிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நெகிழ்தளம் இருந்தால் அடிக்கு அடி கைப்பிடி எழும்பி வரும், தடுமாறினால் ஏந்திக்கொள்ளும், ஒரு வருடத்தில் நடந்துவிடுவார் என்றார் மருத்துவர். ஒரே நிபந்தனைதான். தளத்தின்மேல் மரச்சாமான் எதுவும் நிற்கக் கூடாது. கண்டால் தளத்தை நிறுத்திவிடுவார்கள்.

அவள் வீட்டிலோ எட்டுப் பேர் உட்காரும் தேக்கு மேசை, பிரம்பு பின்னிய எட்டு நாற்காலிகள். பழைய சாமான் வியாபாரி தவசிமுத்து வந்து மேசையைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல தேக்கு மதினி. அதான் சங்கடமே."

"நல்லாருந்தா என்ன சங்கடம்?"

"மட்ட மரம்னா கரையான் தின்னு தீத்துரும். இது இன்னும் இருநூறு வருஷம் கெடக்கும். எங்க கொண்டு வைக்க? ஒரு காலத்துல இத வித்தா மோட்டார் பைக்கே வாங்கிரலாம். இப்ப சும்மா குடுத்தாலும் எடுக்க ஆளு இல்ல."

கட்டிலில் படுத்திருந்த இன்னாசி குரல் கொடுத்தார். "வே, என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போரும். எனக்கும் அதே வெலதான்."

"உம்மத் தூக்க வண்டி தாங்காதுவே!"

தவசிமுத்து சிரித்துக்கொண்டே சாமான்களை ஏற்றினார். அனாதைப் பிள்ளைகள் விடுதியில் போட்டுவிடுவதாகச் சொன்னார். வண்டிக் கூலியை அவள் நீட்டியபோது வாங்கவில்லை.

ஏழு நாற்காலிகள்தான் வண்டியேறின. எட்டாவதைப் பிரகாசி பின்கட்டில் ஒளித்துவைத்திருந்தாள். தளம் போட்டவர்கள் போனதும் அதை எடுத்துவந்து வாசலைப் பார்த்தபடி நிறுத்தினாள்.

"ஏட்டி, மாட்டுனா நான் திரும்பக் கட்டில்லதான்," என்றார் இன்னாசி.

"தெரியும். ஆனா வாறவுகளுக்கு ஒரு எடம் கண்ணுல தெரியண்டாமா? மொட்டத் தரையப் பாத்தா, வீட்டக் காலி பண்ணுதாகன்னுல்லா நெனைப்பாக."

அவள் தினமும் உலை வைக்கும்போது, யாராவது வந்தால் என்று ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள். நெகிழ்தளம் ஊருக்கு வந்த பிறகு யார் வீட்டுக்கும் யாரும் அதிகம் போவதில்லை. அந்தப் பிடிச் சோறு காகங்களுக்குப் போனது. அதற்காக அவள் ஒருநாளும் அரிசியைக் குறைக்கவில்லை.

இன்னாசி நடக்கத் தொடங்கினார். தளம் அலைபோல் அவர் கூடவே வந்தது. கைப்பிடிகள் முளைத்து, அவர் கடந்ததும் கரைந்தன. மாலை வெயிலில் அவர் தண்ணீரின்மேல் நடப்பதுபோல் இருக்கும். அந்த நாற்காலியையும் தளம் கைவிடவில்லை. எட்டுக் கிலோ எடையில் ஏதோ ஒன்று அசையாமல் இருக்கிறதே என்று, அதன் கால்களை இளஞ்சூட்டில் பொதிந்து மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது.

பத்தாம் மாதம், ஒரு நண்பகலில் மணி அடித்தது. நலவாரியத்துச் செவிலி நூர்ஜகான் கையில் எடைக்கருவியோடு வாசலில் நின்றாள்.

"அம்மா, உங்க வீட்டுக் கைப்பிள்ளை பத்து மாசமா எட்டுக் கிலோவிலேயே நிக்கிதாமே. நலப்பொறி சொல்லுது. சோறு குடுக்கியளா இல்லையா?"

எல்லா வீட்டுத் தளங்களும் தினமும் எடைகளை, நலவாரியத்தின் கணினியான நலப்பொறிக்கு அனுப்பும். இது பிரகாசிக்குத் தெரியாது. கைப்பிடியைப் பற்றியபடி நின்ற கணவரைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பிள்ள இல்லம்மா. இதுதான்," என்று நாற்காலியைக் காட்டினாள்.

நூர்ஜகான் வெகுநேரம் அதைப் பார்த்தாள். ஆளில்லாமல் ஒரு நாற்காலி நிற்பதைப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. காலையிலிருந்து இருபது வீடு ஏறி இறங்கியவள். யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்தாள்.

"யாருக்கும்மா இது?"

"உனக்குத்தான். கைய கழுவு."

சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். சாப்பிட்டு முடித்தபின் நூர்ஜகான் தன் மடியிலிருந்த பட்டியலைத் திருப்பிக் காட்டினாள்.

"இந்த ஊருல மட்டும் எடை கூடாத பிள்ளைங்க தொள்ளாயிரம் இருக்கும்மா. எல்லாம் ஏழு கிலோ, எட்டுக் கிலோ. இன்னைக்குப் பத்து வீட்டுல, பிள்ளை தூங்குதுன்னு சொல்லிக் கதவ அடைச்சிட்டாங்க. இப்பதான் புரியுது."

"தளத்த நிறுத்திருவாகளா?" என்று கேட்டாள் பிரகாசி.

நூர்ஜகான் யோசித்தாள். பிறகு பொய்யில்லாத மூன்று வரிகளை எழுதி அனுப்பினாள்: வீட்டில் உணவு போதுமான அளவு உண்டு. மருந்து தேவையில்லை. ஆள் வந்து உட்காராததே குறை.

நலப்பொறிக்கு உள்ளர்த்தம் எதுவும் தெரியாது. எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரே குறையுள்ள தொள்ளாயிரம் பிள்ளைகளுக்கும் ஒரே சிகிச்சையை விதித்தது. வாரம் ஒரு நாள் யாராவது போய் அரைமணி நேரம் உட்கார வேண்டும். யாரை அனுப்புவது? தன் பதிவேட்டைப் புரட்டி, வருடக்கணக்கில் தரையில் ஒரே ஆளின் எடை மட்டும் பதிவான வீடுகளைத் தேடி எடுத்தது.

அடுத்த வியாழக்கிழமை பிரகாசியின் வாசலில், மேல்மாடியில் குடியிருக்கும் மெலிந்த மனிதர் நின்றார். ஆறு வருடமாக அதே கட்டடம்தான். அவள் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

"ஏதோ பிள்ளைக்குச் சிகிச்சையாம். நான் வந்து உட்காரணும்னு உத்தரவு," என்றார் கூச்சத்தோடு. நாற்காலியில் நுனியில் அமர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். "பிள்ளை எங்கம்மா?"

உள்ளேயிருந்து, கைப்பிடி எதையும் பற்றாமல், இன்னாசி மெதுவாக நடந்து வந்தார்.

"இப்பதான் வந்து உக்காந்திருக்கு," என்றார். "ஏட்டி, சோத்தப் போடு."